பிள்ளை விழித்த இரவுகள்



கைப்பிள்ளை உள்ள வீட்டில் தாய்க்குத் தூக்கம் குறைவது புதுமையல்ல. ஆனால் ஒழுங்காக உறங்கிவந்த பிள்ளை திடீரென்று ஒரு நாள் விழித்து அழத் தொடங்கி, அதுவே வழக்கமாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? என் மூத்த மகனின் எட்டாவது மாதத்தில் எனக்கு அது நேர்ந்தது. அன்று நான் பட்ட பாடும் செய்த பிழையும் உங்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் எலுவன்குளம். வில்பத்துக் காடும், கலா ஓயாவும், புத்தளம் களப்பும் சூழ்ந்த இடம். என் வீட்டுக்காரர் களப்பில் தொழில் செய்கிறவர். இஷாவுக்குப் பின் வலையோடு போனால் சுபஹுக்குத்தான் கரை திரும்புவார். இரவில் வீட்டில் நானும் உம்மாவும் பிள்ளையும்தான்.

ஒரு நாள் நடுச்சாமத்தில் தோட்டத்துக்குள் யானை இறங்கிவிட்டது. ஊரார் யானை வெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்தில் மகன் ஏணையில் துடித்து எழுந்து வீறிட்டான். பால் கொடுத்தேன், ஆட்டினேன், தோளில் போட்டு நடந்தேன். அன்று முதல் வெடி இல்லாத இரவுகளிலும் மணிக்கொரு தடவை விழித்தான். ஏணையை ஆட்டினால் கண் மூடுவான், நிறுத்தினால் திறப்பான்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உம்மா "கண்ணூறு பட்டிருக்கு" என்று ஓதி ஊதினார். பக்கத்து வீட்டு ராத்தா, "தடிமன் பாணி அரைக் கரண்டி குடு புள்ள, விடியும் மட்டும் அசையமாட்டான்" என்றார். கட்டாரில் இருக்கும் மச்சி தொலைபேசியில், "கதவைச் சாத்திட்டு அழ விடுங்க, மூணு நாளில பழகிரும்" என்றாள். எங்கள் அறைக்கு ஏது கதவு? தொங்குவது ஒரு சீலை. அழ விட்ட ஒரே இரவில் இரண்டு வீட்டார் டார்ச் லைட்டோடு வந்து, "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பத்தாவது இரவோ பதினோராவது இரவோ, நான் நானாக இல்லை. அவன் அழ அழ ஏணைக் கயிற்றைப் பிடித்து மூர்க்கமாக உலுக்கினேன். பிள்ளையின் அழுகை ஒரு கணம் அப்படியே நின்றது. பயத்தில் மூச்சடைத்த அமைதி அது. உம்மா ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ வெளியே போய் இரு" என்றார். குசினிப் படியில் உட்கார்ந்து விடியும் வரை அழுதேன். இதை வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். தூக்கமில்லாத தாயின் கை எந்த அளவுக்குப் போகும் என்பதை அன்று நான் கண்டேன்.

காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மருத்துவமாது மிஸ்ஸிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் என்னை ஏசவில்லை. "தங்கச்சி, பச்சைப் பிள்ளையை உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும், உயிரும் போகலாம். கோபம் வந்தால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போங்க. அழுகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது" என்றார். டாக்டர் பிள்ளையின் காதையும் தொண்டையையும் பார்த்தார். காய்ச்சல் இல்லை, பதிவேட்டில் நிறையும் ஒழுங்காக ஏறியிருந்தது. சகோதரிகளே, முதல் வேலை இதுதான். நோயால் அழும் பிள்ளைக்கு எந்தப் பழக்கமும் மருந்தாகாது.

காரணத்தையும் மிஸ்தான் விளக்கினார். நாம் எல்லோருமே இரவில் பல தடவை அரைகுறையாக விழித்து, மறுபடி உறங்குகிறோம். சிறு பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மணிக்கொரு தடவை அப்படி வரும். ஆட்டத்தில் உறங்கிய பிள்ளை விழித்ததும் அதே ஆட்டத்தைத் தேடும். போதாததற்கு எட்டு மாதம் என்பது தாயைக் காணாவிட்டால் தவிக்கிற வயது. வெடி அவனை எழுப்பியது ஒரே ஒரு இரவுதான். மற்ற இரவுகளில் எழுப்பியது நான் பழக்கிய ஆட்டம்.

தடிமன் பாணி என்றதும் அவர் முகம் மாறியது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கும் தடிமன், இருமல் மருந்து கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இலேயே எச்சரித்திருக்கிறது. மூச்சே தடைப்படலாம். தூங்க வைப்பதற்காக எந்தப் பாணியும் வேண்டாம்.

பிறகு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பகல் தூக்கத்தைப் பின்னேரம் நாலு மணிக்குள் முடித்தோம். மஃரிபுக்குப் பின் வெந்நீரில் மேல் துடைத்து, பருப்பும் சோறும் மசித்து ஊட்டி, விளக்கு எரியும்போதே பால் கொடுத்தேன். பால் குடித்தபடி உறங்க விடவில்லை. ஏணையைக் கழற்றி வைத்தோம். பாயில் தனி மெத்தை, மேலே நுளம்பு வலை, தலையணையும் போர்வையும் இல்லை. கண் சொக்கும் நேரத்தில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சில் கை வைத்து ஓதினேன்.

இரவில் விழித்து முனகினால் உடனே தூக்குவதில்லை. மூன்று குல் ஓதி முடிக்கும் நேரம் பொறுப்பேன். அதற்குள் பாதி நாள் அவனே அடங்கிவிடுவான். அழுகை கூடினால் பக்கத்தில் இருந்து தட்டிக்கொடுப்பேன். பால் ஒரே தடவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும்.

முதல் இரவு முக்கால் மணி நேரம் அழுதான், நானும் கூடவே அழுதேன். நாலாம் இரவு மறுபடி யானை வந்தது, வெடியும் வந்தது. அன்று சட்டம் பார்க்கவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மறுநாள் முதலிலிருந்து தொடங்கினோம். வீட்டுக்காரரும் ஒரு வாரம் இரவுத் தொழிலுக்குப் போகாமல் பாதி இரவைத் தான் பார்த்துக்கொண்டார். அந்த வார வருமானம் போனதுதான். இரண்டு கிழமையில் மகன் ஒரு தடவை மட்டும் எழும்பிப் பால் குடித்துவிட்டு உறங்கினான். அல்ஹம்துலில்லாஹ்.

"இது கல்நெஞ்சு இல்லையா?" என்று உம்மா கேட்டார். தொழுகையின்போது பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஆகவே அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. பிள்ளையை அழவிட்டுப் பழக்குவது பற்றி 1985இல் நூல் எழுதிய அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் ஃபெர்பர்கூட, இடைவெளி விட்டு உள்ளே போய் ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 326 பிள்ளைகளோடு தொடங்கிய ஆய்வொன்று, இப்படி மெல்லப் பழக்கிய பிள்ளைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்தது. அவர்களுக்கு மனத்திலோ தாயோடுள்ள பாசத்திலோ எந்தக் குறையும் காணவில்லை என்று 2012இல் அறிவித்தது. மனம் ஒப்பாதவர்கள் பழக்காமலே இருக்கலாம். வயது ஏற ஏறப் பிள்ளை தானாகவும் உறங்கும். ஆனால் தாய் நிதானம் இழக்கும் நிலை வந்தால், உதவி கேட்கத் தயங்காதீர்கள். உம்மாவிடம், கணவரிடம், மருத்துவமாதுவிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

இப்போதும் எங்கள் ஊரில் இரவில் யானை வெடி கேட்கிறது. மகன் புரண்டு படுத்து உறங்கிவிடுகிறான். எழுந்து உட்காருவது நான்தான். அவன் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டு, களப்பில் இருப்பவருக்காக ஒரு துஆவும் கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.