பேயிடம் பேர் கேட்டவர்

எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து அமராவதி நகரின் பழைய ராத்திரிகள் மனசை விட்டு அகலவில்லை. அவர் கதை எழுதி, நாகா இயக்கி, சன் டிவியில் ‘மர்மதேசம்’ ஓடிய காலத்தில் எங்கள் வரிசையில் டிவி இருந்த வீடுகள் சொற்பம். ‘விடாது கருப்பு’ வரும் அன்றைக்கு ஒரே வீட்டு முன்னறையில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். குதிரைக் குளம்படி கேட்டதும் பிள்ளைகளெல்லாம் பெரியவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வோம். தொடர் முடிந்து நாலு வீடு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு.

அமராவதி நகர் இருட்டு அப்படிப்பட்டது. உடுமலைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில், 1950களில் கட்டிய அணையை ஒட்டி உண்டான ஊர் அது. 1962இல் சைனிக் பள்ளி வந்தது. 1976இல் முதலைப் பண்ணை வந்தது. 2009இல்தான் கோவையிலிருந்து பிரிந்து திருப்பூர் மாவட்டத்துக்குள் போனோம். உடுமலையிலிருந்து வரும் கடைசி பஸ் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பியதும் அணையின் விளக்குகள் தவிர வேறு வெளிச்சம் இருக்காது. ஒவ்வொரு இருட்டு மூலைக்கும் ஒரு பேயைச் சொல்லி வைத்திருந்தார்கள். அணை வேலையில் செத்ததாகச் சொல்லப்பட்ட கொத்தனார், பிரசவத்தில் போன பெண், வாய்க்காலில் மிதந்தவள். எல்லாருமே ஆயுசு முடியாமல் போனவர்கள்.

அந்தப் பேய்களுக்கு எதிராக எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் மாத நாவல். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சாணித்தாள், பளபளக்கும் அட்டை, படித்தபின் விரலில் ஒட்டும் மை. காசில்லாதவர்களுக்கு உடுமலையில் வாடகை நூல் நிலையம். எங்கள் கோவைக்காரர் ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர்; அவருடைய விவேக் போலீஸ் அதிகாரி. தனியார் துப்பறிவாளர் வேண்டுமென்றால் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் இருந்தார்கள். சுபாவின் ‘ஈகிள்ஸ் ஐ’ நிறுவனத்தில் நரேந்திரனும் வைஜயந்தியும் இருந்தார்கள்.

அந்த நாவல்களில் பேய் வந்தால் எங்களுக்கு ஒரு தெம்பு. முதல் அத்தியாயத்தில் எஸ்டேட் பங்களாவில் வெள்ளை உருவம் அலையும். கடைசி அத்தியாயத்தில் சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பா மாட்டுவார். பேய் என்பது யாரோ போட்ட வேஷம். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ மட்டும் அந்தத் தெம்பைக் குலைத்தது. குமுதத்தில் தொடராக வந்த அந்தக் கதையில் கணேஷும் வசந்தும் கண்ணெதிரே பார்த்ததற்கு அறிவியல் விடை கிடைக்கிறது. ஆனாலும் படித்து முடித்தபின் எங்களில் யாரும் தனியாகக் கொல்லைப்பக்கம் போகவில்லை.

பேயையே விசாரிக்கிற துப்பறிவாளர் எங்கள் நாவல்களில் இல்லை. இங்கிலாந்தில் ஹாட்ஜ்சன் என்பவர் 1910இலேயே கர்னாக்கி என்ற ஆளைப் படைத்து, பேய் நடமாடும் வீடுகளுக்குக் கேமராவோடு அனுப்பிவைத்தார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எங்கள் ஊரில் அந்த வேலையைக் கதைக்கு வெளியே ஒருவர் செய்துகொண்டிருந்தார். உடுக்கையடித்துப் பேயோட்டும் கோடாங்கி.

அடுத்த வீதியில் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அவரைக் கூட்டி வந்தார்கள். அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் மடியில் உட்கார்ந்து நான் பார்த்தேன். வாசலில் விளக்கு, திருநீறு, அறுத்த எலுமிச்சம்பழம். உடுக்கையை அடித்தபடியே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: “யாரு நீ? எந்த ஊர்க்காரி? எப்பிடிப் போய்ச் சேந்தே? இந்தப் புள்ளகிட்ட ஏன் வந்தே?” ஒவ்வொரு கேள்விக்கும் அவள் தலைமயிர் கலைய ஆடியபடி பதில் சொன்னாள். கடைசியாக அவர் குரலைத் தணித்து, “உனக்கு என்ன வேணும், சொல்லு” என்றார். “பொறந்த ஊட்டுக்குப் போகோணும். கறிச்சோறு வேணும்” என்றது பேய். வீட்டைவிட்டு வெளியே வராத மாமியார் வந்து கும்பிட்டு, “அனுப்பி வெக்கறனுங் சாமி” என்றாள். சொன்னபடி அனுப்பியும் வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மிச்சி சொன்னாள்: “அவளாக் கேட்டிருந்தா அடி உளுந்திருக்கும் கண்ணு. பேய் கேட்டதுனால குடுத்தாங்க.”

கோடாங்கியை நான் கொண்டாடவில்லை. வேப்பிலையும் பிரம்புமாக அடிபட்ட பெண்களையும் அதே வாசல்களில் பார்த்திருக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியில்லாமல் கருகினார்கள். 28 பேர் செத்தார்கள். மருந்து பார்க்க வேண்டிய சீக்கைப் பேய் என்று சொல்வதன் விலை அது.

அந்த விலையை முன்கூட்டியே பார்த்தவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராகச் சேர்ந்து, கடைசிவரை இலங்கையிலேயே வாழ்ந்தவர். அமானுஷ்ய சக்தி உண்டென்று ஏமாற்றுக்கு இடமில்லாமல் நிரூபித்தால் ஒரு லட்ச ரூபாய் தருவதாக 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் கண்மூடும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அவருடைய வழக்குக் குறிப்புகளைப் படித்தபோது, மாத நாவலில் தேடிய துப்பறிவாளரை நிஜத்தில் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. கூரையில் கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பற்றுகிறது என்று ஆள் வந்தால் அவர் நேரில் போவார். வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுப் பேசுவார். கல்லை எறிந்த கை பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும். அது யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத வேதனையில் இருந்த ஒருவருடைய கையாக இருக்கும். கோவூர் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை, குணமாக்கப் பார்த்தார்.

இதையெல்லாம் படித்த வயதில்தான் எங்கள் தெரு அக்கா மில்லுக்குப் போனாள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி நூற்பாலையில் வேலை பார்த்தால், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள். சுமங்கலித் திட்டம் என்று பேர். பொங்கலுக்கு வந்தவள் தலையை அம்மிச்சி மடியில் வைத்துப் படுத்திருந்தாள். புருவத்தில்கூடப் பஞ்சு. அம்மிச்சி ஒவ்வொரு இழையாக எடுத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி ஷிப்டில் ரிங் ஃபிரேம் சந்துக்குள் வெள்ளைச் சேலை கட்டிய பெண் நடக்கிறாள், பார்த்த பிள்ளைகள் அலறி விழுகிறார்கள் என்றாள் அக்கா. மில்காரர்கள் பூசாரியை வரவழைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். அடுத்த ஷிப்ட் நேரத்துக்கு ஓடியது.

“அவ பேரென்ன சாமி? எந்த ஊரு?” என்றாள் அம்மிச்சி.

“தெரியாது அம்மிச்சி. ஆருமே கேக்கல.”

“உனக்கு என்ன வேணும்?”

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “தூங்கோணும்” என்றாள்.

மூன்று வருஷம் முடியுமுன்னே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் வரவில்லை. கேட்கப் போன அவள் அப்பாவை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

மலேசியாவின் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளிலும் 1970களில் மில்லில் வந்தது போலவே பேய் வந்தது. நுண்ணோக்கியில் கண் வைத்தபடி வேலை பார்த்த மலாய்ப் பெண்கள் பேயைக் கண்டு கூட்டம் கூட்டமாக அலறினார்கள். அங்கேயும் மந்திரவாதியைக் கூப்பிட்டு ஆடு வெட்டினார்கள். மானுடவியலாளர் அய்வா ஓங் 1987இல் வெளியிட்ட நூலில் அந்தப் பேய்களை வேலையின் கெடுபிடிக்கு எழுந்த எதிர்ப்பாகப் படித்தார். அதை வாசித்தபோது அம்மிச்சியை நினைத்துக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாமலே அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

அம்மிச்சி போய்விட்டாள். கோடாங்கியின் உடுக்கையை எடுக்க அவர் வீட்டில் ஆளில்லை. மாத நாவல் தொங்கிய கடையில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. அக்கா கட்டிக்கொண்டு போன ஊர் தெரியும், போய்ப் பார்த்ததில்லை. விடியுமுன்னே ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு மில் வண்டிகளும் பனியன் கம்பெனி வண்டிகளும் இன்றும் போகின்றன.

அந்த வண்டிகளில் போகிறவர்களுக்காக ஒரு துப்பறியும் கதையை யாராவது எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அதில் வரும் துப்பறிவாளருக்குக் கோவூரின் தெளிவு வேண்டும். கோடாங்கி கடைசியாகக் கேட்ட கேள்வியும் வேண்டும். பேய் இல்லை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பேயைப் பார்த்தேன் என்று ஒரு பெண் சொன்னால், அந்த இடத்தில் ஒரு குறை இருக்கிறது, அதை விசாரிக்க ஆள் போக வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை.