தெப்பத்தை அழிப்பதற்கு முன்

"பயின்னௌங் தெப்பத்தை எல்லாம் அழிச்சுட்டுப் போய்த்தானே ஜெயிச்சாரு தாத்தா?" என்று கேட்டான் பேரன். ரங்கூனில் அந்த மன்னர் பெயரிலேயே இருக்கும் மொத்தச் சந்தையில், ஒரு பருப்புக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். (ஊர் பெயரை யாங்கோன் என்று மாற்றி வெகுகாலம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ரங்கூன்தான்.) எதிரே தட்டில் மாதிரிக்குக் கொட்டிய உளுந்து. அவன் அதைத் தொடக்கூட இல்லை. கைபேசியில் விலை பார்த்துக்கொண்டிருந்தான். கையிருப்பு மொத்தத்தையும் இந்தப் பருவத்து உளுந்தில் போட்டுவிடத் துடிக்கிறான்.

கதை உண்மைதான். 1538 கடைசியில் ஐராவதிக் கழிமுகத்தில், நௌங்யோ என்ற இடத்தில் நடந்தது. அரசர் தபின்ஷ்வேதி, பெரும்படை வரும்வரை காத்திரு என்று சொல்லி அனுப்புகிறார். அப்போது தளபதியாக இருந்த பயின்னௌங்கோ ஆற்றைக் கடந்துவிட்டார். எதிரியான பெகுப் படை எண்ணிக்கையில் பெரிது. தெப்பங்களை அழிக்கச் சொல்லிவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று அரசருக்குப் பதில் அனுப்பினாராம். தோற்றால் என்ன செய்வது என்று உடனிருந்தவர்கள் பதறியபோது, தோற்றால் பதில் சொல்ல நாம் உயிரோடு இருக்கப்போவதில்லை என்றாராம். அந்த வெற்றிக்குத்தான் பயின்னௌங், அதாவது அரசரின் அண்ணன், என்ற பட்டம் கிடைத்தது. அதற்கு முன் அவர் யெ டுட். அரசருக்குப் பாலூட்டிய தாயின் மகன். பனையேறி பெற்ற பிள்ளை என்பது ஊர்ப்பேச்சு. அரச வரலாறுகள் பெரிய வம்சம் என்று எழுதிவைத்தன. நான் ஊர்ப்பேச்சின் பக்கம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள். 1534 முதல் 1537 வரை மூன்று வறண்ட பருவங்களில் தபின்ஷ்வேதியின் தௌங்கூப் படை பெகு மீது பாய்ந்தது. மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியது. ஆறேழாயிரம் பேர்தான் படை. பெகு கோட்டைக்குள்ளே கூலிக்கு வந்த வெளிநாட்டு வீரர்களும் துப்பாக்கிகளும் இருந்தன. மழை வந்தால் போர் இல்லை. ஊருக்கு நடக்க வேண்டியதுதான். கடைசியில் பெகுவைப் பிடித்தது வாள் அல்ல, தௌங்கூ தரப்பு பரப்பிய பொய்ச் செய்தி. அதை நம்பிய பெகு மன்னர் தக்காயுத்பி, தன் திறமைசாலி அமைச்சர்கள் இருவரையும் தானே கொன்றுவிட்டார். அதன்பின் தலைநகரம் சண்டையில்லாமல் விழுந்தது. நௌங்யோவில் பயின்னௌங் மோதியது அப்படி மனம் உடைந்து பின்வாங்கிய படையோடு. எதிரியின் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று நான்கு ஆண்டுகள் பார்த்த மனிதர் தெப்பத்தை அழித்தார். அதற்கு அடுத்து ப்ரோம் நகரை முற்றுகையிட்டபோது ஆற்றின் மேற்பகுதியிலிருந்து அவா நாட்டுப் படை அந்நகரின் உதவிக்கு வந்தது, கோட்டை கிடைக்கவில்லை. திரும்பி வந்தார்கள். ப்ரோம் விழுந்தது 1542-இல்தான்.

இவ்வளவையும் பேரனிடம் சந்தையில் நின்று சொல்லவில்லை. பாதி அங்கே, பாதி வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு. அவனிடம் சொல்லாமல் மறைத்துவைத்த ஒன்றையும் அன்றுதான் சொன்னேன்.

இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி பர்மாவில் விளைந்தது. மதுரையில் இட்லிக்கு ஆட்டும் மாவுக்கும் இந்தச் சந்தைக்கும் தொடர்பு உண்டு. 2017 ஆகஸ்டில் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று இந்தியா வரம்பு கட்டியது. இங்கே விலை சரிந்தது. அதற்குச் சில வாரம் முன்புதான் நான் கையில் இருந்ததையும் கடன் வாங்கியதையும் சேர்த்து மூட்டைகளை அடுக்கியிருந்தேன். விலை இறங்காது என்று என்னிடம் யாரும் சத்தியம் செய்யவில்லை. நானே எனக்குச் செய்துகொண்டேன். பாட்டியின் வளையல்கள் எங்கே போயின என்று அவன் சிறுவயதில் கேட்டதற்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். மறுநாள் காலை சந்தைக்கு அவனே கூப்பிட்டான். கைபேசி சட்டைப்பையில் இருந்தது. மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினான், பல்லில் கடித்துப் பார்த்தான்.

"ஈரம் காயல தாத்தா" என்றான். அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினோம்.