தூக்குமரம் தந்த உயிர்

நம் தந்தையார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது, 17 ஜுவல் கொண்டது, நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டியது. காலைப் பூசைக்குப் புறப்படுமுன் அதற்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். அவர் மறைந்தபின் அக்கடமை நம்முடையதாயிற்று. ஒருநாள் அது நம் கை தவறிச் சிமென்ட் தரையில் விழுந்தது. காதருகே வைத்துக் கேட்டோம், ஒலி இல்லை.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். மூடியைத் திறந்து பார்த்தவர், "பேலன்ஸ் அச்சு முறிந்துவிட்டது, சார். இதை மாற்ற இப்போது ஆளும் இல்லை, சாமானும் இல்லை. உள்ளே பேட்டரி மிஷின் போட்டுத் தருகிறேன். மேலே பார்த்தால் அதே கடிகாரந்தான்" என்றார். மேலே பார்த்தால் அதே கடிகாரம்! அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது. கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குத் திரும்பினோம்.

அதே ஆண்டு நவம்பரில், சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் நகரில் குடும்பத்துடன் வாழும் நம் தங்கை மகன், தம் குழந்தையின் ஞானஸ்நானத்திற்கு நம்மை அழைத்திருந்தார். புறப்படும்போது கைக்குட்டை முடிச்சும் நம்மோடு பயணமாயிற்று.

மலைமேல் ஒரு கடிகார ஊர்

நியூஷாடெல் ஓர் அழகிய ஏரிக்கரை நகரம். அங்கிருந்து புகைவண்டியில் ஏறினால் அரைமணி நேரத்திற்குள் ஜூரா மலைத்தொடரின் மீதுள்ள லா ஷோ-தெ-ஃபோன் என்னும் ஊரை அடையலாம். முதலில் ஏரி கீழே இறங்கிக்கொண்டே போகிறது. பிறகு ஷாம்ப்ரெலியென் என்னும் சிறு நிலையத்தில் நம் வண்டி நின்று, வந்த திசைக்கே திரும்பிச் செல்வதுபோல் புறப்பட்டது. வழி தவறிவிட்டதோ என்று நாம் திகைக்க, "மலை ஏறுவதற்காக இங்கே வண்டி முன்பின்னாக மாறும், மாமா" என்று மருமகன் சிரித்தார். அடுத்து நீண்ட சுரங்கங்கள். இருளினின்று வெளிப்பட்டபோது எங்கும் வெண்பனி.

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இவ்வூர் இருக்கிறது. 1794-இல் ஏற்பட்ட பெருந்தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. மீண்டும் கட்டியவர்கள் சதுரங்கக் கட்டம்போல் நேர்நேரான தெருக்களை வகுத்தனர். வீடுகள் நீண்ட வரிசைகளாக, வெயிலும் வெளிச்சமும் பெறும் வண்ணம் நிற்கின்றன. பல வீடுகளின் மேல்மாடியில் சன்னல்கள் இடைவெளியின்றி அடுக்கடுக்காக உள்ளன. அந்தச் சன்னலோரங்களில்தான் கடிகாரத் தொழிலர் அமர்ந்து வேலை செய்தனர். மின்விளக்கு இல்லாத காலத்தில் பகலொளியே அவர்களுக்கு மூலதனம்.

ஒரு வீட்டார் பற்சக்கரம் மட்டும் செய்வர். அடுத்த வீட்டார் திருகாணி மட்டும் செய்வர். இன்னொரு வீட்டார் முட்களைத் தீட்டுவர். ஊரே ஒரு தொழிற்சாலையாய் இயங்கிற்று. கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் இவ்வூரை அவ்வாறே குறிப்பிட்டிருக்கிறார். இதையும் அருகிலுள்ள லெ லோக்ல் என்னும் ஊரையும் கடிகாரத் தொழிலுக்காகவே உருவான நகரமைப்புக்காக யுனெஸ்கோ 2009-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

லெ லோக்லில் டானியேல் ஜான்ரிஷார் என்பவருக்குச் சிலை உண்டு. 1741-இல் மறைந்தவர். அவர் இளைஞராயிருந்தபோது, குதிரை வியாபாரி ஒருவர் பழுதான கடிகாரம் ஒன்றை அவரிடம் கொடுத்ததாகவும், அதைச் சீர்செய்த இளைஞர் தாமும் ஒன்று செய்ய முனைந்ததாகவும் செவிவழிச் செய்தி கூறுகிறது. அதில் நம்மைக் கவர்ந்த பகுதி ஒன்றுண்டு. கடிகாரம் செய்வதற்கு வேண்டிய கருவிகளை முதலில் அவரே செய்ய வேண்டியிருந்ததாம். இம்மலைநாட்டின் கதை கடிகாரத்தில் அன்று, கருவியில் தொடங்குகிறது.

சந்தையில் ஒரு மரப்பெட்டி

லா ஷோ-தெ-ஃபோனில் பன்னாட்டுக் கடிகார அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. 1974-இல் திறக்கப்பட்ட அதன் கட்டடம் பெரும்பாலும் பூமிக்கடியில் அமைந்தது. நாம் சென்ற நாளில் அங்கே பழங்கடிகாரச் சந்தை கூடியிருந்தது. மேசைதோறும் கடிகாரங்கள், முகப்புத் தட்டுகள், சிற்றுறைகளில் உதிரி உறுப்புகள். ஆயினும் நம் கண்ணைக் கவர்ந்தவை கருவிகளே.

ஒரு மேசையருகே எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் தேய்ந்த மரப்பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே நடுவில் ஓர் இரும்புச் சட்டம். வளைந்த கை ஒன்று மேலெழுந்து முன்னே நீண்டிருந்தது. அதன் கீழே சுழலக்கூடிய வட்டத் தட்டு. தட்டின் விளிம்பைச் சுற்றிச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்திய துளைகள். சட்டத்தைச் சுற்றிலும், கோயிலில் பாடகர் குழு நிற்பதுபோல், பஞ்ச் எனப்படும் உருக்குச் சிற்றுளிகள் படிவரிசையாய் நின்றன. "நூறு உளிகள், கீழே பொருத்தும் தாங்கிகள் இருபது. இருக்க வேண்டியவை இவை. ஓர் உளி மட்டும் குறைகிறது" என்றார் முதியவர். அவர் சொன்ன பிரெஞ்சு மொழியை மருமகன் நமக்குத் தமிழாக்கினார்.

இதன் பெயர் ஸ்டேக்கிங் கருவி. பிரெஞ்சுக்காரர் 'பொத்தான்ஸ்' என்பர். அச்சொல்லுக்குத் தூக்குமரம் என்றும் பொருள் உண்டு என்று மருமகன் சொன்னதும் உற்றுப் பார்த்தோம். ஆம், வளைந்து நீண்ட அந்தக் கை தூக்குமரத்தின் வடிவந்தான்.

முதியவர் அடுத்த மேசையில் தனியாகக் கிடந்த உளி ஒன்றை எடுத்தார். நுனியைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார். விளிம்பு சிதைந்திருந்தாலும், முகம் துருவால் அரிக்கப்பட்டிருந்தாலும் அது பயன்படாது. பின்னர்ச் சட்டத்தின் கையிலுள்ள குழாயில் அதை விட்டார். அது தடுமாறாமல், அசையாமல், தன் எடையாலேயே மெல்ல இறங்கித் தட்டின் துளைமீது நேராக நின்றது. முதியவர் முகம் மலர்ந்தது. ஒரு தொழிற்சாலையின் உளி இன்னொன்றின் சட்டத்தில் மயிரிழை வேறுபாட்டால் பொருந்தாமற்போகலாம். ஆகவே ஒத்த உளியைப் பதினோராண்டு தேடினாராம்.

பெட்டி நிறைவு பெற்றதைக் கண்ட சேகரிப்பாளர் ஒருவர் உடனே நெருங்கி வந்து, பெட்டி முழுவதற்கும் நல்ல விலை கூறினார். முதியவர் மறுக்கவில்லை, ஏற்கவுமில்லை. "சனிக்கிழமை சொல்கிறேன்" என்றார்.

பெட்டிகள் சந்தைக்கு வந்த கதை

இத்தகைய பெட்டிகள் ஏன் சந்தைக்கு வந்தன? கடிகாரத்தின் இதயம் பேலன்ஸ் சக்கரம். மணிக்கு 18,000 துடிப்பு என்றால் ஒரு நாளில் 4,32,000 துடிப்பு. அச்சக்கரத்தைத் தாங்கும் அச்சின் நுனி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனே உடையது. கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் முறிவது அதுவே. ஆகவே அக்காலத்தில் பழுது பார்ப்போர் ஒவ்வொருவருக்கும் இக்கருவி இன்றியமையாததாயிருந்தது. சுவிட்சர்லாந்தில் மட்டுமன்று, ஜெர்மனியின் எஸ்லிங்கனில் போலி நிறுவனமும், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் லெபனான் என்னும் ஊரில் கென்ட்ரிக்–டேவிஸ் நிறுவனமும் செய்த பெட்டிகளை இன்றும் தேடி வாங்குகின்றனர்.

1930-களில் 'இன்காபிளாக்' என்னும் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு வந்தது. அது பரவப் பரவ அச்சு முறிவது குறைந்தது. 1969-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று ஜப்பானின் சீகோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் மூவருள் இருவர் அளவுக்கு வேலை இழந்தனர். பட்டறைகள் மூடப்பட்டன, கருவிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அவற்றை உலைக்களத்தினின்று மீட்டவர்கள் சேகரிப்பாளர்களே. அந்நன்றியை நாம் மறக்கலாகாது.

சன்னலோரத்தில்

முதியவரிடம் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினோம். கடிகாரத்தினுள் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, சந்தையிலிருந்த சிற்றுறைகளைத் துழாவி, அதற்குரிய புதிய அச்சு ஒன்றை அவரே கண்டெடுத்தார். "சனிக்கிழமை வாருங்கள்" என்றார்.

லெ லோக்லில் அவருடைய வீடு. மேல்மாடியில், சன்னலோரத்தில், மார்பளவு உயர்ந்த வேலைமேசை. அங்கே இருபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி அமர்ந்திருந்தாள். கடிகாரத் தொழில் பயிலும் மாணவி; சனிக்கிழமைதோறும் வருகிறாளாம்.

பெரியவர் கடிகாரத்தைப் பிரித்தார். மயிரிழைபோன்ற ஹேர்ஸ்பிரிங்கை நீக்கினார். முறிந்த அச்சின் இறுக்கத்தைச் சிறு லேத்தில் கடைந்தெடுத்து, சக்கரத்தின் துளை விரியாதபடி அச்சைப் பிரித்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். முதலில் கூர்முனை உளியை இறக்கி, உரிய துளை அதற்கு நேர்கீழே வருமாறு தட்டைச் சுழற்றிப் பூட்டினார். மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்துவதே இக்கருவியின் முழுப் பயன். அந்நேர்மை தவறினால் சக்கரம் கோணும். கோணிய சக்கரம் நேரம் காட்டாது.

புதிய அச்சின் அடிப்பகுதி துளைக்குள் நின்றது. அதன்மேல் தந்தையாரின் பேலன்ஸ் சக்கரம் அமர்ந்தது. இப்போது நடுவில் துளையுள்ள உருண்டை முக உளியால் அச்சின் விளிம்பை விரிக்க வேண்டும். பின்னர்த் தட்டை முக உளியால் அதைப் படியச் செய்ய வேண்டும். அடி மென்மையானால் பிடிக்காது. மிகுந்தால் சக்கரம் பாழ். அதற்கு மாற்று கிடைப்பது அரிது.

பெரியவர் சிறு சுத்தியலைக் கையில் எடுத்தார். கை நடுங்கிற்று. சற்று நேரம் பார்த்துவிட்டுச் சுத்தியலை மேசைமேல் வைத்தார். நம்மைப் பார்த்து ஏதோ கேட்டார்.

மருமகன் தயங்கியபடி மொழிபெயர்த்தார்: "கண் இருக்கிறது, கை இல்லை என்கிறார், மாமா. இந்தப் பெண் அடிக்கட்டுமா என்று கேட்கிறார். இதற்குமுன் பயிற்சிச் சக்கரங்களில்தான் அடித்திருக்கிறாளாம். வேண்டாம் என்று சொல்லிவிடவா?"

நாம் உடனே விடை கூறவில்லை. தந்தையாரின் கடிகாரம், அதை ஒருமுறை கீழே போட்டது நம் கை. இரண்டாம் முறையும் அழிந்தால் நாம் யாரைக் குறைகூற முடியும்? ஆனால் இந்தப் பெண் இன்று அடிக்கவில்லையெனில், நாளை இத்தகைய கடிகாரங்களுக்கு யார் அடிப்பார்? நம் தந்தையாரும் தம் கடிகாரத்தை ஒருநாள் நம் கையில் நம்பிக் கொடுத்தவர்தாமே? தலையசைத்தோம்.

பெண் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினாள். ஒரு தட்டு. உளியைச் சற்றே திருப்பி மற்றொரு தட்டு. மீண்டும் ஒன்று. சக்கரத்தைச் சாமணத்தால் எடுத்து, அது அச்சில் சுழல்கிறதா என்று விரலால் மெல்லச் சோதித்தாள். அசையவில்லை. உளியை மாற்றினாள். சந்தையில் பெரியவர் வாங்கிய அதே தட்டை முக உளி! இரண்டு தட்டு. அவ்வளவே. சுத்தியலை வைத்தபின்தான் அவள் மூச்சுவிட்டதைக் கேட்டோம்.

சக்கரம் கோணாமல் சுழல்கிறதா, எல்லாப் பக்கமும் எடை ஒத்திருக்கிறதா என்று சோதிக்க மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. மாலை வெயில் பனிமீது சாய்ந்த வேளையில், பேலன்ஸ் சக்கரம் தன் இடத்தில் அமர்ந்தது. ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு தானே ஆடத் தொடங்கிற்று. பெரியவர் அதை நம் காதருகே பிடித்தார். பல மாதங்களுக்குப் பின் அந்த ஒலியைக் கேட்டோம். நம் கண்கள் நிறைந்ததை மறைக்க முயலவில்லை.

விடைபெறும்போது, சேகரிப்பாளருக்கு என்ன சொன்னீர்கள் என்று வினவினோம். பெரியவர் மரப்பெட்டியை மூடி, அந்தப் பெண் இருந்த பக்கமாக நகர்த்தி வைத்தார். "இவள் படிப்பு முடிந்ததும் இது இவளுடையது. அவருக்கு வேறு பெட்டி கிடைக்கும்" என்றார்.

நம் தெருக்களில்

இயந்திரக் கடிகாரம் செய்யும் கைத்திறனைச் சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து அளித்த விண்ணப்பத்தின்பேரில் யுனெஸ்கோ 2020-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. மகிழத்தக்கதே. ஆனால் மரபு என்பது பட்டியலில் மட்டும் இருப்பதன்று. அந்தச் சனிக்கிழமை நாம் கண்டதுபோல், ஒரு கை மற்றொரு கைக்குச் சுத்தியலைக் கொடுக்கும் இடத்தில் அது வாழ்கிறது.

நம் நாட்டில் 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவு 2016-இல் மூடப்பட்டது. அதன் கடிகாரங்கள் இன்னும் எத்தனையோ இல்லங்களில் அலமாரிக்குள் உறங்குகின்றன. நம் ஊர்க் கடைத்தெருவிலும், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், இத்தகைய மரப்பெட்டியுடன் முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கக் கூடும். பேட்டரி மாற்றுவதற்கு மட்டுமே அவரிடம் நாம் செல்கிறோம். அலமாரியில் உறங்கும் தாத்தாவின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் உடனழைத்து, ஒருநாள் அவரிடம் சென்று பாருங்கள். அவர் அந்தப் பெட்டியைத் திறக்கும் அழகைப் பிள்ளைகள் காணட்டும்.

தந்தையாரின் கடிகாரம் இப்போது ஓடுகிறது. பேரன் அதற்குச் சாவி கொடுக்கக் கற்றுவருகிறான். "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே, கடிகாரத்தை அவன் கையில் கொடுக்கிறோம்.