பறவைகளின் பிறந்தகம்

காரைக்குடியிலிருந்து வேட்டங்குடிக்குப் பஸ்ஸில் போகலாம். கார் இருந்தால் காரிலும் போகலாம். ஆனால் இந்த மார்கழியில் நீங்கள் சைக்கிளில் போய்ப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

"ஐயையோ! போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிதிப்பதாவது!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்ள வேண்டாம், அம்மணி. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்கப் போன கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளையும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். கல் உடைக்கிறவர்களும் களை எடுக்கிறவர்களும் முன்னால் குழந்தை, பின்னால் தண்ணீர்க் குடம் என்று வைத்துக்கொண்டு மிதித்தார்கள். உங்களுக்கும் எனக்கும் சுமை ஒரு கட்டுச்சாத மூட்டைதானே!

முந்தின நாளே சக்கரங்களுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூட்டையில் புளியோதரை இருக்கட்டும், தேன்குழல் இருக்கட்டும். வெள்ளைப் பணியாரம் வேண்டாம். கெட்டுப் போகும் என்பதற்காக அல்ல, குன்றக்குடி வருவதற்குள்ளேயே காலியாகிவிடும் என்பதற்காக.

விடியற்காலையில் ஊரைத் தாண்டியதும் செம்மண்ணும் பனைமரமும் உங்களை வரவேற்கும். இந்தச் சீமையில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வானம் கொடுத்ததைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தில் நான்கு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே! மழைநீரை அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்தது அங்கேதான். வீட்டுக்கு அண்டா எப்படியோ, ஊருக்கு அப்படி ஊருணி; அது குடிநீருக்கு. வயலுக்குக் கண்மாய். ஒரு பக்கம் மட்டும் வளைந்த கரை, நீரை வயலுக்கு விடும் மடை, மிஞ்சிய வெள்ளம் வழிந்து போகக் கலுங்கு. இந்தக் கண்மாயின் கலுங்கில் வழிந்தது வீணாகாமல் கீழே உள்ள கண்மாய்க்குப் போய்ச் சேரும். மாமியார் வீட்டில் மிஞ்சிய குழம்பு மருமகள் வீட்டுக்குப் போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சைக்கிளைக் கரையின்மேல் ஏற்றிவிட்டால் ஒரு கை பக்கம் தண்ணீர், மறு கை பக்கம் பொன்னிறத்துக்கு மாறும் சம்பா நெல். இந்த ஆனந்தம் கார்க் கண்ணாடிக்குள் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ஏது?

குன்றக்குடியில் மலைமேல் இருக்கும் சண்முகநாதரைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள். படியேறினால் தொடை மறுபடி மிதிக்க மறுத்துவிடும். பிள்ளையார்பட்டியில் அப்படித் தப்ப முடியாது. பாறையைக் குடைந்த குகையில், இரண்டே கைகளுடன், துதிக்கையை வலப்புறம் சுழித்து, வடக்குப் பார்த்து அமர்ந்திருக்கிறார் கற்பக விநாயகர். சதுர்த்தியன்று அவருக்கு முக்குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டை! அதை எப்படி வேக வைக்கிறார்கள் என்பது நம் சமையலறை அறிவுக்கு எட்டாத விஷயம்.

வைரவன்பட்டியைக் கடந்து திருப்பத்தூர் வந்தால் கொஞ்சம் இறங்கி நில்லுங்கள். வெள்ளைக்காரனை எதிர்த்த மருது சகோதரர்களை 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். நினைவு மண்டபம் இருக்கிறது.

இங்கிருந்து இன்னும் பத்துக் கிலோமீட்டர் போல மிதித்தால் கொள்ளுக்குடிப்பட்டி. ஊர் நெருங்கும்போதே காதுக்குத் தெரிந்துவிடும். சந்தை கூடியது போல ஒரே இரைச்சல். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களையும் சேர்த்துத்தான் 1977-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். பரப்பு 38.4 ஹெக்டேர், நூறு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. சாம்பல் நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள்மூக்கன் என்று எத்தனை ஜாதி! நத்தைகுத்தி நாரையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அதன் அலகு இரண்டும் நடுவில் ஒட்டாது. பாக்கு வெட்டியைப் பாதி மூடினது போல் இடைவெளி இருக்கும். வயலிலும் கண்மாயிலும் உள்ள நத்தைகளைப் பிடித்துத் தின்னும் வாய் அது. பறவைகளின் எச்சம் கண்மாய் நீரில் கரைந்து, மடை வழியாக வயலுக்கு உரமாகப் போகிறது. தங்கிய வாடகையை அவை இப்படிக் கொடுத்துவிடுகின்றன.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் மிதிக்க வைத்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கண்மாயில் தண்ணீர் ஏறும்போதுதான் பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. அந்தச் சமயம் பார்த்துத்தானே தீபாவளியும் வருகிறது! ஓர் அணுகுண்டு வெடித்தால் தாய்ப் பறவை பயந்து எழும்பும். முட்டை குளிரும், இறகு முளைக்காத குஞ்சு தடுமாறித் தண்ணீரில் விழும். காக்கைக்கும் பருந்துக்கும் அதுவே நல்ல வேளை. ஆகவே இந்த ஊரில் பட்டாசு கிடையாது. தீபாவளிக்கு மட்டும் அல்ல. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கிடையாது. சட்டம் போட்டு வந்த வழக்கம் அல்ல. ஊரார் தாமே பல காலமாகக் கடைப்பிடிப்பது. இதைப் பாராட்டி வனத்துறையார் தீபாவளிக்கு இனிப்பு வழங்குவது உண்டு.

பெரியவர்கள் விட்டுக்கொடுப்பது பெரிதில்லை. மத்தாப்புக்கும் ஊசிவெடிக்கும் நாள் எண்ணும் வயதுள்ள பிள்ளைகள் விட்டுக்கொடுக்கிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள்! நம் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு பாக்கெட் குறைத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். ஆனால் பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்திருக்கும் பெண் உள்ளே படுத்திருக்கும்போது வாசலில் யாராவது வெடி வைப்பார்களா? அவ்வளவுதான் இதில் உள்ள நியாயம்.

மழை பொய்த்தால் எல்லாம் மாறிவிடும். கண்மாய் வறண்ட வருஷத்தில் கூடு கட்ட வராமல் பறவைகள் வேறு நீர்நிலை தேடிப் போய்விடும். வயலும் அந்த வருஷம் தரிசுதான்.

கரையில் சோறு சாப்பிடுங்கள். இலையையும் காகிதத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கைதட்டிப் பறவைகளைக் கிளப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் மணியையும் அடிக்காதீர்கள்.

நாலு மணிக்கே கிளம்பினால் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேரலாம். ஆனால் கிளம்பமாட்டீர்கள். இரை தேடப் போன நாரைகள் பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் கூட்டமாகத் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டுக் கொண்டு மரத்தில் இறங்கும். ஒவ்வொரு கூட்டிலும் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தும். அதைப் பார்த்துவிட்டு வண்டியைத் தொடும்போது இருட்டிப் போயிருக்கும். விளக்கு எரிகிறதா என்று முந்தின நாளே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.