பழி கேஸ் மேல்

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் தென்காசிப் பட்டறைகளுக்கும் சீசன்தான். ஜூன் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, வெயிலும் சாரலும் மாறிமாறி அடிக்கத் தொடங்கியதும், மே மாதம் முழுக்க ஒழுங்காக ஓடிய வண்டிகள் திணற ஆரம்பிக்கும். முதலில் திணறுபவை பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற்றிய பழைய கார்கள்.

மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. மெக்கானிக்குக் கேஸ் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். 2000-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2001-இல் ஆட்டோ எல்.பி.ஜி.க்கென்று தனி ஆணை வந்த பிறகுதான் இந்த எரிபொருளுக்கே சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அப்போது கற்றுக்கொண்ட தொழில். "கேஸ் வண்டின்னு சொல்லி வர்றதுல பாதிக்கு மேல கேஸ் கோளாறே கிடையாது சார். பெட்ரோல்ல மூடிக் கெடந்தது கேஸ்ல வெளிய வருது" என்றார். அரை நாள் அங்கே உட்கார்ந்திருந்ததில் இதை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஒரு ஆம்னி வந்து நின்றது. கார்புரேட்டர் காலத்து வண்டி. ஓட்டி வந்த இளைஞர் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "பெட்ரோல்ல நல்லா ஓடுது அண்ணாச்சி. கேஸ்ல மாத்துனா மிஸ் அடிக்கி. பாலருவிக்குப் போகும்போது புளியரை ஏத்தத்துல டப்புன்னு வெடிக்கி. கிட்டு போயிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாங்க."

"கிட்டு இருக்கட்டும் தம்பி" என்ற மெக்கானிக், உதவிக்கு நின்ற பையனிடம் திரும்பி, "ஏலே, லைட்டை அமத்து, ஷட்டரை இறக்கு" என்றார். ஆம்னிக்கு என்ஜின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, கேஸில் ஓடவிட்டு, தலைமுடிக்குத் தண்ணீர் தெளிக்கும் சலூன் புட்டி ஒன்றை எடுத்து பிளக் வயர்கள் மேல் புகையாக அடித்தார். அந்த அரை இருட்டில் வயர் மேல் நீலமாக ஏதோ ஊர்ந்தது. ஒரு வயரிலிருந்து பக்கத்து வயருக்குப் பொறி சடசடவென்று தாவிக்கொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே முடி கனத்துக்கு ஒரு விரிசல், அதன் ஓரமெல்லாம் கரி.

சிலிண்டருக்குள் கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். மின்சாரம் சுலபமான வழியைத்தான் தேடும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவது கடினமானால், நைந்த வயரின் தோல் வழியாகவோ ஈரம் படிந்த மூடி வழியாகவோ வெளியேறிவிடும். சாரல் மாதத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? பெட்ரோலில் அதே வயர் தாக்குப்பிடிக்கிறது, கேஸில் கைவிடுகிறது. அந்த டப் என்ற வெடிக்கும் இதுவே காரணம். பக்கத்து வயருக்குத் தாவிய பொறி, அந்த சிலிண்டரின் உள்வால்வு திறந்திருக்கிற நேரத்தில் விழுந்தால், தீ பின்னால் பாய்ந்து காற்று வரும் குழாயில் நிற்கிற கலவையையும் பற்றவைக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியே பிளந்து வந்த வண்டிகள் உண்டாம். ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும் தனித்தனியாகக் கேஸைப் பீய்ச்சும் சீக்வென்ஷியல் கிட்டில் இந்த ஆபத்து குறைவு. குழாயில் கலவை தேங்க இடமில்லை.

புது வயர், புது மூடி, மூன்று பிளக். பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.7 மில்லிமீட்டருக்குத் தட்டினார். கேஸ் கிட்டில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. இளைஞருக்கு ஏமாற்றம் என்றுதான் தோன்றியது. கிட் மேல் அவ்வளவு கோபத்தோடு வந்திருந்தார்.

அடுத்தது ஒரு மாருதி 800. காலையில் கிளம்பிப் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது என்று புகார். பானெட்டைத் திறந்ததும் ரெட்யூசர் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. தென்காசியில், ஜூலையில். டாங்கில் திரவமாக இருக்கிற கேஸ் ரெட்யூசருக்குள்தான் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை ரேடியேட்டர் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் வராவிட்டால் தன் உடம்பிலிருந்தே எடுத்து உறைந்துபோகும். மெக்கானிக் கருவி எதையும் எடுக்கவில்லை. ரெட்யூசருக்குப் போகிற குழாயில் ஒரு கை, வருகிற குழாயில் ஒரு கை. ஒன்று சுட்டது, மற்றது ஜில்லென்று இருந்தது. உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, என்ஜின் சூடாகிறது என்று எவரோ முன்பே தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இது ஒரு வியாதி. பெட்ரோல் வண்டியில் அதன் கெடுதல் உடனே தெரியாது. கேஸ் வண்டியில் தண்ணீர் சூடேறவே நேரமாவதால் காலைப் பொழுது முழுக்கத் தொந்தரவு.

ரெட்யூசரின் அடித்திருகை இளக்கியபோது கருஞ்சிவப்பாக ஒரு எண்ணெய் சொட்டியது. கேஸோடு சேர்ந்துவரும் கசடு. கேஸுக்கு வாசனை ஏற்றும் மெர்காப்டன் அதில் ஊறிக் கிடப்பதால், ஒரு மூடி அளவு வடிந்ததற்கே கொட்டகை முழுக்க நாற்றம். அவ்வப்போது வடிக்காவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் விறைத்துவிடும். பிறகு ஐடிலிங் நிற்காது.

கேஸ் மலிவு என்று பெட்ரோலை மறந்துவிடுகிறவர்களைப் பற்றித்தான் அவருக்கு அதிக எரிச்சல். பழைய கார்புரேட்டர் வண்டியில் சுவிட்சுக்கு மூன்று நிலை. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் நடு நிலைக்குத் தள்ளி, கார்புரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து என்ஜின் தளரும்போது கேஸுக்கு மாற்றவேண்டும். நேரே மாற்றினால் இரண்டும் சேர்ந்து இறங்கி மூச்சு முட்டும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் வேறு கதை. டாங்கில் மூழ்கிக் கிடக்கிற பம்புக்குப் பெட்ரோல்தான் குளிர்ச்சி. டாங்கைக் காயவிட்டுக் கேஸிலேயே ஓட்டினால், பம்பைத் தனியாக நிறுத்தாத வண்டிகளில் அது கருகிப்போகும். "தினம் ரெண்டு கிலோமீட்டராவது பெட்ரோல்ல ஓட்டுங்கன்னு சொல்லுதேன். கேக்க ஆள் இல்ல."

இழுவை போய்விட்டது, கேஸ் சரியில்லை என்று வருகிற வண்டிகளில் அவர் டாப்பெட் இடைவெளியைத்தான் முதலில் அளக்கிறார். கேஸ் காய்ந்த எரிபொருள். வெளிவால்வு தன் இருக்கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே இறங்குகிறது, இடைவெளி மூடிக்கொள்கிறது, வால்வு முழுசாக அடையாமல் கம்ப்ரெஷன் கசிகிறது. 2000-க்கு முந்தைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்தக் காலத்து அம்பாசடர், பத்மினிகளின் மிருதுவான வால்வு இருக்கைக்கு அதுவே பூச்சு. அவற்றைக் கேஸுக்கு மாற்றியபோது தேய்மானம் சீக்கிரம் தெரிந்தது. கம்ப்ரெஷன் பார்க்காமல் கிட் பொருத்துவதை ஏமாற்று என்றே சொல்வேன். மைலேஜ் புகாரும் அப்படித்தான். ஒரு லிட்டர் கேஸில் ஒரு லிட்டர் பெட்ரோலின் சக்தி கிடையாது, நாலில் மூன்று பங்குதான். விற்கிறவர் அதைச் சொல்லியிருக்கவேண்டும்.

ஒரே ஒரு வகை வண்டியை அவர் தொடுவதில்லை. வீட்டுச் சிலிண்டரைப் பின்னால் கிடத்திக் குழாய் இழுத்திருப்பவை. முறையான டாங்கில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏறாமல் தடுக்க மல்டி வால்வு உண்டு. குழாய் அறுந்தால் கேஸை நிறுத்தும் ஏற்பாடும் உண்டு. வீட்டுச் சிலிண்டரில் இதெல்லாம் ஏது? காற்றைவிடக் கனமான கேஸ் கசிந்தால் ஆம்னியின் தரையில்தான் படுத்திருக்கும். பிளக் மாற்ற மட்டும் வந்த ஒருவரிடமும் "மொதல்ல அதை இறக்கிட்டு, ஆர்.சி. புக்கோட வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பழைய கார்கள் குறையக் குறைய எல்.பி.ஜி. வேலையும் குறைகிறது. ஆம்னி தயாரிப்பே 2019-இல் நின்றுபோனது. பையன் இப்போது சி.என்.ஜி. கற்றுக்கொண்டிருக்கிறான். அதில் 200 பார் அழுத்தம், டாங்க், குழாய் எல்லாம் வேறு. ஆனால் அழுத்தம் இறங்கும்போது அந்த ரெட்யூசரும் குளிர்ந்துதான் போகும். அதனால் பையனுக்கு அவர் முதலில் காட்டிக்கொடுத்தது அதே இரண்டு தண்ணீர்க் குழாய்களைத்தான்.