சுவரைப் பார்த்து அறிக்கை எழுதாதே

அன்புள்ள பேத்திக்கு,

கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு உத்தரவு வந்த சந்தோஷத்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். போனில் சொல்லி முடியாத ஒன்றுக்காக இந்தக் கடிதம். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் சில மாதங்களில் உனக்குக் கைவந்துவிடும் தாயி. ஆனால் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் வரும்போது, இவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்று விசாரித்து அறிக்கை கொடு என்பார்கள். அந்த இடத்தில்தான் நம் வருவாய்த் துறையில் பலர் தங்களுக்கு யாரும் கொடுக்காத ஒரு அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

விசாரணையே கூடாது என்று சொல்லமாட்டேன். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் அதற்குள் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். மதம் மாறினால் தீண்டாமை விட்டுப் போய்விடுமா என்று கேட்டால், போகாது என்பேன். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நிற்கிற நாடு இது. ஆனாலும் சட்டம் மாறும்வரை நீ அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். பட்டியல் சாதியில் இந்துவாகப் பிறந்தவர். கிறிஸ்தவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் கிறிஸ்தவர்களாக வளர்ந்தார்கள். அவருடைய கிளினிக் சுவரில் சிலுவை தொங்குவதை அதிகாரிகள் பார்த்தார்கள். 2013-இல் அவருடைய சாதிச் சான்றிதழ் ரத்தானது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. புருஷனோடும் பிள்ளைகளோடும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனால் அதனாலேயே தன் நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று ஆகிவிடாது என்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். அதுவரை அந்த அம்மாள் அலைந்தது எட்டு வருஷம். ஒரு சுவரைப் பார்த்து யாரோ அறிக்கை எழுதியதற்கு எட்டு வருஷம்!

நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்து மதத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று நினைப்பவர்களுக்கு இந்த மண்ணைத் தெரியாது. முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படம் இருக்கும் வீடுகள் உன் கிராமத்திலும் இருக்கும். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அங்கே வந்து நிற்கும் இந்துக்களிடம் நீ யார் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த டாக்டர் வழக்கில் சொன்னதற்கு மாறான தீர்ப்பும் உண்டு. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழை மறுத்தது. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர், தொடர்ந்து தேவாலயம் போய்வருபவர், இந்து மதத்துக்குத் திரும்பியதற்கு ஆதாரம் இல்லை என்பது நீதிமன்றம் கண்டது. அதுவரை எனக்குப் புரிகிறது. பொதுச் சலுகை ஒன்றைக் கொடுக்கும்போது ஆதாரம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதே தீர்ப்பு, உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதம் மாறுவது அரசமைப்பை ஏமாற்றுவது என்றும் சொல்கிறது. அந்த இடம் என்னை உறுத்துகிறது. உச்ச நீதிமன்றம் ஆவணங்களை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்வதை, கீழே இருக்கிற அதிகாரி தன் மூக்கை வைத்துக்கொண்டு செய்யப் பார்ப்பான். ஒருவருடைய நம்பிக்கை உண்மையா என்று அளக்க நம்மிடம் எந்தக் கருவியும் கிடையாது.

யார் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்று கவனி. 1950-இல் ஒரு இந்து, கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணை இந்து முறைப்படியே கல்யாணம் செய்துகொண்டார். குழந்தைகள் பிறந்தன. பிறகு உறவு கசந்தது. மகனுக்காகச் சொத்தில் பங்கு கேட்டபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா? அவள் கிறிஸ்தவப் பெண், அதனால் கல்யாணமே செல்லாது என்றார். தாலி கட்டியபோது வராத சந்தேகம் பங்கு கேட்டபோது வந்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மதம் மாற எந்தச் சடங்கும் கட்டாயமில்லை, நல்ல எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் போதும் என்றது. அந்த வழக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அடுத்தவருடைய பக்தியை சந்தேகப்படுபவருக்கு அந்த சந்தேகத்தில் ஏதாவது லாபம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று, இந்த சந்தேகம் ஏழை மேல்தான் விழும். வியாபாரம் செழிக்கத் திருப்பதியில் மொட்டை போடுகிறவரை, மகனுக்கு மெடிக்கல் சீட் கிடைக்க நேர்ந்துகொள்கிறவரை, இவருக்கு உண்மையான பக்தி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 1981 பிப்ரவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறக்குறைய 180 பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். ஆபீசில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. வளைகுடாப் பணம் என்றார்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த ஜனங்கள் சொன்ன காரணம் எளிமையானது: சாதிக் கொடுமை தாங்கவில்லை. சலுகைக்காக மாறினார்கள் என்று சொல்லவும் வழியில்லை. மாறியதாலேயே பட்டியல் சாதிச் சலுகையை அவர்கள் இழந்தார்கள்.

மரியாதைக்காக மாறுவது பக்தி ஆகாது என்று படித்தவர்கள் அப்போது வாதாடினார்கள். எனக்கு அன்றும் அது புரியவில்லை, இன்றும் புரியவில்லை. கடவுள் முன்னால் மற்றவர்களோடு தோளுரசி ஒரே வரிசையில் நிற்க ஆசைப்படுவதைவிட மதத்துக்குப் பொருத்தமான காரணம் வேறு என்ன இருக்கிறது? அம்பேத்கரையும் இப்படித்தான் பேசினார்கள், அரசியலுக்காக மாறினார் என்று. இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் யேவலாவில் அறிவித்தது 1935-இல். நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. நடுவே 21 வருஷம் படித்தார், யோசித்தார். அவரோடு அன்று நின்ற லட்சக்கணக்கானவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் படித்தார், அவர்கள் படிக்கவில்லை, அதனால் அவருடையது உண்மை, அவர்களுடையது பொய் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அப்படியானால் மதத்தின் பெயரால் ஏமாற்றுகிறவனை விட்டுவிடுவதா என்று நீ கேட்பாய். விடவேண்டாம். முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொள்வதற்காக இஸ்லாத்துக்கு மாறிய ஆண்கள் மீது உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தது. 1995-இல் தீர்ப்பு. நீ எந்த மதத்துக்குப் போனாலும் முதல் கல்யாணம் கல்யாணம்தான், இரண்டாவது குற்றம் என்றது கோர்ட். அவன் நெஞ்சில் அல்லா இருக்கிறாரா என்று தேட வேண்டிய தேவையே வரவில்லை. நியாயம் கிடைக்க, அவன் என்ன செய்தான், அதனால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்தாலே போதும்.

வேலைக்கு வெளியேயும் இதே பேச்சு உன் காதில் விழும். நம் குடும்பத்திலேயே, பொண்ணுக்காகத்தானே மாறினான் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுகிறோம். இருக்கட்டுமே. பிரியம் வைத்தவளுடைய சாமியைத் தன் சாமியாக ஏற்றுக்கொள்வது தாழ்ந்த காரணமா? அப்படி மாறிய ஒரு பையன் ரமலான் மாதம் முழுக்க நோன்பிருந்தும் ஊர் இன்னும் நம்பவில்லை. எத்தனை நோன்புக்குப் பிறகு நம்புவார்கள் என்று யாராலும் சொல்லவும் முடியவில்லை.

விசாரணைக்குப் போகும்போது பெற்றோருடைய சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதம் மாறியதாகப் பதிவு எதுவும் இருந்தால் அது, இவற்றைப் பார். பக்கத்து வீட்டாரிடம் விசாரிக்க நேர்ந்தால் இரண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறு உண்டா என்று முதலில் தெரிந்துகொள். பூஜை அறையை எட்டிப் பார்க்காதே. கழுத்தில் என்ன தொங்குகிறது, நெற்றியில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளாதே. விண்ணப்பம் கொடுத்தவரை உட்காரவைத்து நேராகக் கேள். அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பு.

தாத்தா