ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது?

கோயில், பயணம், பழைய அலுவலக நினைவுகள் என்று எழுதிக்கொண்டிருப்பவன் இன்றைக்குக் கொஞ்சம் கணினி சமாச்சாரம் எழுதப் போகிறேன். பயப்பட வேண்டாம். வீட்டுக் கணக்கு எழுதத் தெரிந்த யாருக்கும் இது புரியும். உங்கள் வீட்டில் மகளோ மருமகனோ சிறு தொழில் நடத்தினால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

என் தங்கை மகள் மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறாள். தனிக் கடை கிடையாது, வீட்டின் முன் அறைதான் கடை. துணியைக் கையால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்க்கும் பழைய முறைச் சேலைகள். ஒன்று மாதிரி இன்னொன்று அமையாது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சென்னை, பெங்களூரு, மும்பைக்காரர்கள். அவர்களுக்காக ஆறு வருடங்களுக்கு முன் ஒரு இணையதளம் போட்டாள். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர் செய்து கொடுத்தார். அந்த முகவரியைத்தான் பில் புத்தகம், துணிப்பை, விசிட்டிங் கார்டு, வாசல் பலகை எல்லாவற்றிலும் அச்சடித்திருந்தாள்.

போன ஆடியில், வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில், அந்தத் தளம் திறக்கவில்லை. செய்து கொடுத்தவரின் போன் எண் உபயோகத்தில் இல்லை. விசாரித்தால், அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். முகவரியைப் பதிவு செய்தபோது தன் பெயர், தன் ஈமெயில், தன் போன் எண் என்று போட்டிருக்கிறார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. தவணை தவறியது. சில வாரங்களில் வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிவிட்டார்கள். இப்போது அதைத் தட்டினால் சம்பந்தமே இல்லாத விளம்பரங்கள் வருகின்றன.

"மாமா, கடை என் பேர்ல இருக்கு. பில் என் பேர்ல. ஜி.எஸ்.டி. என் பேர்ல. வெப்சைட் மட்டும் எப்படி அவர் பேர்ல போச்சு?" என்று கேட்டாள்.

போன பெயரை மீட்க வழி இல்லாமல் இல்லை. டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பிடம் தகராறுகளைத் தீர்க்க ஒரு முறை இருக்கிறது. டாட் காம் பெயர்களுக்கும் சர்வதேச அளவில் அதே மாதிரி ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெயரில் நமக்கு உரிமை உண்டென்று நிரூபிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். முன் அறையில் சேலை விற்கிறவளுக்கு அது கட்டுப்படியாகாது. புதிதாக ஒன்று போடுவது என்று முடிவாயிற்று. "நீங்கதான் பார்த்துச் சொல்லணும் மாமா" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்குக் கணினி அதிகம் தெரியாது. கொட்டேஷன் படிக்கத் தெரியும். முப்பது வருடம் கொள்முதல் பிரிவில் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போட்டவன். ஆகவே அந்த வழியிலேயே இறங்கினேன்.

இரண்டு கொட்டேஷன் வந்தன. முதலாமவர் 40,000 ரூபாய் கேட்டார். முதல் வருடம் பராமரிப்பு இலவசம், அடுத்த வருடத்திலிருந்து ஆண்டுக்கு 12,000. இரண்டாமவர் வெறும் 5,999 என்றார், அதிலேயே முகவரியும் இடமும் ஒரு வருடத்துக்கு அடக்கம். பார்க்க லட்டு மாதிரி இருந்தது. அடியில் பொடி எழுத்தில், இரண்டாம் வருடத்திலிருந்து 8,500 என்று போட்டிருந்தது. "முகவரி யார் பேரில் இருக்கும்?" என்று கேட்டேன். "எங்க அக்கவுண்ட்லயே இருக்கட்டும் சார், உங்களுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு?" என்றார். போன ஆடியில் வந்த தொந்தரவே அதுதான் என்று அவரிடம் சொல்லவில்லை. கொட்டேஷனை மடித்து வைத்துக்கொண்டேன்.

முதலாமவர் பட்டியலில் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் 2,500 என்று ஒரு வரி இருந்தது. முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் வருமே, அதற்கு உரியது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து இந்தச் சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாமாகவே பொருத்தியும் விடுகின்றன. ஒரு துணிக்கடையின் தளத்துக்கு அது போதும்.

இந்த இடத்தில் என் வயதுக்காரர்களுக்காக ஒரு விளக்கம். இணையதளம் என்பது மூன்று தனித்தனிச் சாமான்கள். ஒன்று, முகவரி. இதை டொமைன் என்கிறார்கள். நிலத்துக்குப் பட்டா மாதிரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் பேச்சு. இரண்டு, தளம் குடியிருக்கும் இடம், அதாவது ஹோஸ்டிங். இது வாடகைக் கடை. பிடிக்காவிட்டால் காலி செய்துகொண்டு வேறு இடம் போகலாம், பட்டா கையில் இருந்தால். மூன்றாவது, கடைக்குள் சாமான்களை அடுக்கும் அலமாரி. அதுதான் சி.எம்.எஸ். என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பக்கத்தையும் எச்.டி.எம்.எல். குறிகளோடு கையால் எழுதுவார்கள். ஒரு சேலையின் விலையை மாற்ற வேண்டுமென்றாலும் செய்து கொடுத்தவரைக் கூப்பிட வேண்டும். சி.எம்.எஸ். வந்த பிறகு, ரயில்வே ரிசர்வேஷன் படிவம் நிரப்புகிற மாதிரி தலைப்பு, விவரம், படம் என்று நாமே போட்டால் போதும். அவை ஒரு தரவுத்தளத்தில் போய் உட்காருகின்றன. யாராவது தளத்தைத் திறக்கும்போது அங்கிருந்து எடுத்துப் பக்கமாகக் கட்டிக் காட்டுகிறது. தோற்றம் தனி, சரக்கு தனி. நாளைக்குத் தோற்றத்தை மாற்றினாலும் சரக்கு அப்படியே இருக்கும்.

இதில் நான் அலசியவை நாலைந்து. ட்ரூபல் 2001ல் வந்தது, ஜூம்லா 2005ல். இரண்டும் இலவசம், இரண்டும் பலமானவை. ஆனால் ட்ரூபல் பெரிய நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஏற்றது. முன் அறைக் கடைக்கு அது டிரெய்லர் லாரி. ஜூம்லா தெரிந்த ஆளை எங்கள் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

விக்ஸ், ஷாப்பிஃபை போன்றவை இன்னொரு ரகம். இடம், அலமாரி எல்லாம் அவர்களே தருவார்கள், நாம் சந்தா கட்டினால் போதும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவிலும் இப்படி உண்டு. தொல்லை இல்லாத வழிதான், குறை சொல்ல மாட்டேன். தினம் ஐம்பது ஆர்டர் வருகிற கடைக்கு ஷாப்பிஃபை கொடுக்கிற காசுக்கு வேலை செய்யும். ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு இடத்தில் வைக்க முடியாது. ஷாப்பிஃபையில் சரக்குப் பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம், கடையை எடுத்துக்கொண்டு போக முடியாது. சந்தாவை நிறுத்தினால் கடை மூடிவிடும்.

கடைசியில் வேர்ட்பிரஸ். 2003ல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடங்கியது. இன்று உலகின் இணையதளங்களில் பத்துக்கு நான்கு இதில்தான் ஓடுகின்றன. இலவசம், யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். இதில் ஒரு குழப்பம் உண்டு. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருள், எந்த ஹோஸ்டிங்கிலும் நாமே போட்டுக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளை வைத்து ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. அங்கே இலவசத் திட்டத்தில் நம் சொந்த முகவரியை வைத்துக்கொள்ள முடியாது. நான் சொல்வது முதலாவதை.

"இவ்வளவு எதுக்கு மாமா, இன்ஸ்டாகிராம் போதாதா?" என்றார் அவள் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். படம் காட்ட அது நல்ல இடம், அவள் இன்றும் அங்கே போடுகிறாள். ஆனால் இலவசமாகக் கொடுக்கிறவர் எப்போது கடையைக் கட்டுவார் என்பது நம் கையில் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009ல் யாஹூ மூடியது. கூகுள் தன் பிசினஸ் புரொஃபைல் மூலம் சிறு கடைகளுக்கு இலவசத் தளம் கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அதையும் நிறுத்திவிட்டார்கள். சொந்த முகவரி வைத்திருந்தவர்கள் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்கள். கூகுள் கொடுத்த முகவரியைப் பலகையில் எழுதியிருந்தவர்கள் பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று.

கொள்முதல் பிரிவில் நாங்கள் கற்ற பாடம் ஒன்று. இயந்திரத்தின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது, அது உழைக்கிற காலம் முழுக்க ஆகும் செலவைப் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டேன். முதலாமவருக்கு 40,000, பிறகு நாலு வருடத்துக்கு 48,000, ஆக 88,000. இரண்டாமவருக்கு 5,999, அதோடு 34,000, ஆக ஏறத்தாழ 40,000. பட்டாவும் அவரிடமே. நாமே முகவரியும் இடமும் வாங்கி வேர்ட்பிரஸ் போட்டால், முகவரிக்கும் இடத்துக்கும் வருடம் சுமார் 5,000, தொடக்கத்தில் அமைத்துக் கொடுக்க ஒரு பையனுக்கு 6,000. ஐந்து வருடத்துக்கு 31,000.

ஹோஸ்டிங் விளம்பரங்களில் மாதம் நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய் என்று வரும். மூன்று நாலு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் பெரும்பாலும் அந்த விலை, புதுப்பிக்கும்போது ஏறும். என் கணக்கில் புதுப்பிக்கும் விலையைத்தான் போட்டேன், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து.

கணக்கில் வராத செலவும் உண்டு. வேர்ட்பிரஸை அடிக்கடிப் புதுப்பிக்க வேண்டும். தளத்துக்குள் திருடர்கள் நுழைவது பெரும்பாலும் பிளக்இன் எனப்படும் துணை மென்பொருள்களின் ஓட்டை வழியாகத்தான். அதனால் ஐந்துக்கு மேல் பிளக்இன் வேண்டாம் என்று தங்கை மகளிடம் சொல்லிவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அவள் இதற்காக உட்காருகிறாள். புதுப்பிக்கிறாள், பிரதி ஒன்றை எடுத்து வீட்டுக் கணினியில் வைக்கிறாள். வேர்ட்பிரஸிலேயே எக்ஸ்போர்ட் என்று ஒன்று உண்டு. அதில் எழுத்து மட்டும்தான் வரும். படங்களைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

வண்டி, கூடை, கார்டு என்று விற்பனை வசதி வேண்டுமா என்று அந்தப் பையன் கேட்டான். வூகாமர்ஸ் என்ற பிளக்இன் இலவசம்தான், ஆனால் பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்குக் கழிவு கொடுக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "யாரும் கேட்காம வாங்கறதில்லை மாமா. வெயில்ல நிறம் எப்படி இருக்கும், சாயம் போகுமா, நூறு கேள்வி கேட்டுட்டுதான் வாங்குவாங்க." ஒவ்வொரு சேலைக்கும் கீழே வாட்ஸ்அப் பொத்தான். பேசி முடிந்ததும் யு.பி.ஐ.யில் பணம் வருகிறது. விற்ற சேலையை அவளே போனிலிருந்து எடுத்துவிடுகிறாள். பழைய தளத்தில் விற்றுப்போன சேலைகள் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டு வாங்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள்.

முகவரியை அவள் பெயரில், அவள் ஈமெயிலில், அவள் கார்டிலிருந்து பணம் கட்டி வாங்கினோம். பதிவு செய்தபோது ஓ.டி.பி. அவள் போனுக்கு வந்தது. அதைப் படித்துக் காட்டிவிட்டு, "இதுக்குத்தான் ஆறு வருஷம் ஆச்சு மாமா" என்றாள். பழைய பைகளில் முந்நூறுக்கு மேல் மீதி இருந்தன. புது முகவரி அச்சடித்த காகிதத்தை வெட்டி, பழையதை மறைத்து ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தூர ஊர்களில் அந்தப் பழைய கார்டை வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் தேடிப் பார்த்துவிட்டுக் கடை மூடியாயிற்று என்று நினைத்தார்களோ, அந்தக் கணக்கை மட்டும் என்னால் போட முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரிடமாவது தளம் செய்யக் கொடுத்திருந்தால் நாலு கேள்வி கேளுங்கள். முகவரி யார் பெயரில் இருக்கிறது? உள்ளே நுழையும்போது ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது? இரண்டாம் வருடத்திலிருந்து எவ்வளவு ஆகும்? நாளைக்கே வெளியேறுவதென்றால் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம்? இந்த நாலுக்கும் சரியான பதில் இருந்தால், எந்த சி.எம்.எஸ். என்பது இரண்டாம் பட்சம்தான். பதில் இல்லையென்றால், செய்து கொடுத்தவர் போன் எடுக்கிற காலத்திலேயே முகவரியை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியைச் சுவரில் தொங்கும் காலண்டரிலும் எழுதி வையுங்கள்.